நாலாவது வார்த்தைக்கு முன்னால்

மூன்றாவது வார்த்தையை ஏசுவடியான் வாத்தியார் பேசிக்கொண்டிருந்தார். அவர் முடித்ததும் ஒரு பாட்டு, பாட்டு முடிந்ததும் ஞானப்பூ எழுந்து முன்னால் போய் நாலாவது வார்த்தையைப் பேச வேண்டும். அதற்குள் இந்தப் பெஞ்சிலேயே தன் உயிர் போய்விட்டால் தேவலை என்று நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் உள்ளங்கை குளிர்ந்துபோனது, உயிர் போகிறதுதானே இப்போது அவளுக்கு இருக்கிற பயமே, அதையே போய் வேண்டிக்கொண்டால் எப்படி, கேட்டது கேட்டபடியே கொடுத்துவிட்டால் என்ன செய்கிறது. ஆறுதல்புரத்துக் கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமை என்றால் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரைக்கும் யாரும் எழுந்து போவதில்லை. ஆண்டவர் சிலுவையில் தொங்கினபோது பேசினது ஏழு வார்த்தை, அந்த ஏழையும் சபையில் ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள், ஆளுக்குக் கால்மணி நேரம். தாயைச் சீஷன் கையில் ஒப்படைத்த மூன்றாவது வார்த்தையை வாத்தியார் வருஷாவருஷம் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். நாலாவதைக் கேட்டு வாங்குகிற ஆள்தான் கிடையாது. தகப்பனைப் பார்த்து, என்னை ஏன் விட்டுவிட்டீர் என்று மகன் கதறின வார்த்தை அது. அதைப் பேசப் பாடு பட்டவர்கள் வேண்டும். குருவானவரை அந்தப் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வார்கள், அந்த ஐயர் வீட்டுக்கே வந்து, "நீங்கதாம்மா பேசணும், புத்துநோயிலேர்ந்து தப்பி வந்தவங்க நீங்க, உங்க வாய் வழியா வந்தாத்தான் அந்த வார்த்தை சபைக்குள்ள இறங்கும்" என்று சொல்லிவிட்டுக் காப்பியும் குடித்துவிட்டுப் போனார். தப்பி வந்தவள். ஆமாம், தப்பித்தான் வந்தாள். எங்கேயிருந்து தப்பி வந்தாள் என்று ஐயருக்குத் தெரியாது, வாசலில் நின்று சிரித்த புருஷன் தவசிமணிக்குத் தெரியாது, இந்தக் கோயிலில் வெள்ளைச் சேலை கட்டி உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கும் தெரியாது. மேலே இருக்கிறவருக்குத் தெரியும். அவர் தெரிந்து வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறதுதான் எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது.

வெயில் ஓட்டின் மேல் நின்று அடித்தது. பலிபீடத்துக்குக் கறுப்புத் துணி போட்டு மூடியிருந்தார்கள், அந்தக் கறுப்பைப் பார்த்தால் கண் உள்ளே இழுத்துக்கொண்டு போகிறமாதிரி இருந்தது, அதனால் அவள் மின்விசிறியைப் பார்த்தாள், அது சுற்றுவதைப் பார்த்தால் தலை சுற்றியது, அதனால் மடியைப் பார்த்தாள். மடியில் ஐயரம்மா எழுதிக் கொடுத்த தாள், இரண்டாக மடித்தது, வியர்வையில் நனைந்து ஓரம் துணிமாதிரி ஆகிவிட்டது. கொட்டை கொட்டையாகத்தான் எழுதியிருந்தாள் மகராசி, ஞானப்பூ மூன்றாங்கிளாசோடு நின்றவள் என்று தெரிந்து. பொன்னை நெருப்பில் போட்டால் என்ன ஆகிறது, பாடு நம்மை என்ன செய்கிறது, எல்லாம் இருந்தது அதில், படித்தால் கண்ணீர் வரும். பொன்னாம். பதினைந்து நாளாக அவளும் தன்னைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், பொன் எங்கேயும் தட்டுப்படவில்லை, தட்டுப்பட்டது வேறு. வலது கைப் பக்கம், கக்கத்தில், சுண்டைக்காய் அளவுக்கு. தொட்டால் நழுவும், விட்டால் வந்து நிற்கும். தொடாதே என்று இடது கைக்குச் சொன்னாள், அது சேலை முந்தானையைச் சரிபண்ணுகிறமாதிரிப் போய்த் தொட்டுவிட்டு வந்தது. இருக்கிறது. ஒருவேளை இருக்காது என்று நினைத்தாயோ. காலையில் குளிக்கும்போது இருந்தது, கோயில் படி ஏறும்போது இருந்தது, இரண்டாவது வார்த்தையில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபம்பண்ணினபோது இருந்தது, இப்போது மட்டும் எங்கே போகும். பக்கத்தில் சொர்ணம் மைனி விசிறிமட்டையை நிறுத்திவிட்டுக் காதுப்பக்கம் சாய்ந்து, "இந்த மனுசன் முடிக்கதுக்குள்ள ஈஸ்டர் வந்துரும்போலல்லா இருக்கு" என்றாள். ஞானப்பூவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு வயிற்றில் போய்ப் பயமாகத் திரும்பி வந்தது, பேசட்டும், வாத்தியார் பேசட்டும், ஈஸ்டர் வரைக்கும் பேசட்டும். "ஏட்டி, நீ ஏன் இப்படி வெயர்க்க? நீ பேசப் போறதுன்னா எனக்கே பெருமையா இருக்கு. வருசப் பொறப்புக்கு நீ சொன்ன சாட்சியில அழுதவ, வீட்டுக்குப் போயும் அழுதேன். இன்னைக்கும் ரெண்டு கர்ச்சீப் கொண்டாந்திருக்கேன்." கோயிலுக்குப் பின்னால் ஆம்பளைகள் கஞ்சி காய்ச்சுகிற வாசனை ஜன்னல் வழியாக வந்தது, ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் கஞ்சியும் துவையலும், பச்சரிசி வேகிற வாசனை எல்லாருக்கும் பசியை எழுப்பும், அவளுக்கு மட்டும் தொண்டையில் வந்து நின்றது, அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் ஊசி ஏறிக்கொண்டிருந்தபோது யாரோ தூக்குச்சட்டியைத் திறந்தார்களே, அன்றைக்கு வந்ததும் இதே வாசனைதான்.

அங்கே எல்லாருக்கும் வரிசையாக நாற்காலி. சிவப்பு மருந்து, ரோஸ்மில்க்மாதிரி ஒரு சிவப்பு, குழாய் வழியாக இறங்கி வருகிறது கண்ணுக்குத் தெரியும், கைக்குள் நுழைகிற இடம் வரைக்கும் தெரியும், அதற்கப்புறம் தெரியாது, அது உள்ளே எங்கே போகிறது, என்னத்தைத் தின்கிறது என்று நினைத்தபடியே உட்கார்ந்திருக்க வேண்டும். எட்டு ஊசி என்றார் டாக்டர், மூன்று வாரத்துக்கு ஒன்று, அப்புறம் ஆபரேஷன். முதல் ஊசியில் வாந்தி. இரண்டாவதில் தலைமுடி, சீப்போடு வரவில்லை, தலையணையோடு வந்தது. மூன்றாவதில் வாயெல்லாம் புண், தண்ணீர் குடித்தால் மிளகாய். நாலாவதுக்குப் பிறகு மார்பைத் தடவினால் கட்டியைக் காணோம். டாக்டர் சந்தோஷப்பட்டார், "மருந்து கேக்குதும்மா, இன்னும் நாலு பாக்கி, விட்டுராதீங்க" என்றார். அஞ்சாவது ஊசிக்கு அவள் தனியாகத்தான் போனாள், தவசிமணிக்கு அன்றைக்கு மரம் அறுக்கிற வேலை, விடமுடியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஆஸ்பத்திரிக்கு நடந்தால் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தை நடக்கக் கால் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள், பக்கத்தில் ஒருவன் பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தான், நடத்துநர்கள் ஊர்ப் பேரைக் கூவினார்கள், உட்கார்ந்து உட்கார்ந்து மணி பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது, அப்போது உள்ளே ஒரு குரல், போதும் என்றது. போதும். அவ்வளவுதான். எவ்வளவு இனிப்பாக இருந்தது அந்தச் சொல். கர்த்தரே, நீரா என்றுகூட அவள் கேட்கவில்லை, கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து கேட்காமலே எழுந்து, திரும்பி வருகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள். வீட்டில் வந்து, "கர்த்தர் போதும்னுட்டார், கட்டியைக் காணோம், டாக்டரே பார்த்துட்டுச் சொன்னார்" என்றாள். கட்டியைக் காணோம் என்றது நிஜம், டாக்டர் சொன்னது நிஜம், ரெண்டு நிஜத்தோடு ஒரு பொய்யைச் சொருகிவிட்டாள், அது எல்லாவற்றையும் தூக்கி நிறுத்திவிட்டது. தவசிமணி முழங்காலில் விழுந்தார். அவள் நோயில் கிடந்த காலம் முழுக்க மீன் தொடமாட்டேன் என்று பொருத்தனை பண்ணியிருந்த மனுஷன், மீன் இல்லாமல் ஒருவேளை சோறு இறங்காத மனுஷன், அன்றைக்குச் சாளை வாங்கிவந்து அவரே கழுவி, அவரே குழம்பு வைத்து, அழுதுகொண்டே தின்றார். அதைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்கிறது. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தாள். நாளைக்கு ஐயர் வந்துவிட்டார். வருஷப் பிறப்பு ஆராதனையில் சாட்சி சொல்லுங்கம்மா என்றார்.

சாட்சி சொல்கிறதுக்கு என்று ஒரு பழக்கம் இருக்கிறது, எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்காது, ஆனால் எல்லாருக்கும் தெரியும். மருந்தை நீட்டிச் சொல்லக்கூடாது. டாக்டர் பேரை எடுக்கக்கூடாது. மருந்தைச் சொன்னால் ஆண்டவருக்குப் போகவேண்டிய மகிமையில் அந்தமட்டுக்குக் குறைந்துபோகும் என்று ஒரு நினைப்பு. கேட்டு வளர்ந்த சாட்சியெல்லாம் அப்படித்தான், "வைத்தியர்கள் கைவிட்டார்கள், கர்த்தர் கைவிடவில்லை" என்று. அவளும் முக்காட்டை இழுத்து மொட்டைத் தலையை மூடிக்கொண்டு அங்கே போய் நின்று, "கர்த்தர் போதும்னார், நாலு ஊசியோட நிறுத்திட்டேன், மிச்சத்தைக் கர்த்தர் கையில விட்டேன், அவர் கரைச்சுப்போட்டார்" என்றாள். கோயில் குலுங்கினது. விசுவாசம் என்றார்கள். இப்படி ஒரு விசுவாசத்தை நம்ம சபையில் பார்க்கவில்லை என்றார் ஏசுவடியான் வாத்தியார். அந்த நேரத்தில் அவளே நம்பிவிட்டாள். அதுதான் பொல்லாத காரியம், சொல்லச் சொல்ல நம்பிவிட்டாள், பயந்து ஓடிவந்த கால்தான் விசுவாசத்தில் நடந்த கால் என்று. ஒருவேளை அந்தக் குரல் நிஜமாகவே அவருடையதுதானோ. அப்படியானால் இந்தச் சுண்டைக்காய் என்ன. அவர் போதும் என்றார் என்றால் இது ஏன் வந்தது. அவர் சொல்லவில்லை என்றால், நான் அவர் வாயில் என் பயத்தை வைத்துப் பேசவைத்தேன். ஆண்டவர் பேரை வீணாக எடுக்கிறது என்பது இதுதானோ. அதற்காகத்தான் திரும்பக் கொடுத்தாரோ. அப்படியானால் முதலில் கொடுத்தது எதற்காக, அப்போது நான் என்ன பொய் சொன்னேன், மாவு ஆட்டி விற்றேன், பட்டுத்துணிக்கு ஆசைப்படவில்லை, யார் குடியையும் கெடுக்கவில்லை. இங்கே வந்து நின்றுபோகும் அவள் நினைப்பு ஒவ்வொரு தடவையும். நின்று, திரும்பி, மறுபடியும் பஸ் ஸ்டாண்டுக்கே போகும், சிமென்ட் பெஞ்சுக்கே போகும், போதும் என்கிற சொல்லைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கும், யார் குரல் இது, யார் குரல், ஆணா பெண்ணா, என் அம்மை குரலா, என் குரலா. வாத்தியார் கையை உயர்த்தி, "அந்தத் தாயின் உள்ளம் எப்படித் துடித்திருக்கும்!" என்றார். அது அவர் கடைசிக்கு முந்தின வரி, பதினேழு வருஷமாகக் கேட்டவர்களுக்குத் தெரியும். ஞானப்பூவின் இடது கை மறுபடியும் போய்த் தொட்டுவிட்டு வந்தது.

அவளுக்கு மட்டும் என்றால் போகட்டும். அதுதான் அவள் தன்னிடமே சொல்லிச் சொல்லித் தோற்றுப்போன பேச்சு. எனக்கு மட்டும் என்றால் பேசாமல் செத்துப்போவேன், யாருக்கும் சொல்லமாட்டேன், கல்லறைத் தோட்டத்தில் கொண்டுவைத்தபிறகு என்னமும் பேசட்டும். ஆனால் மூன்று பெஞ்சு முன்னால், சன்னல் ஓரமாக, பியூலா உட்கார்ந்திருந்தாள். முப்பத்துநாலு வயசு. லாரிக்காரன் பெஞ்சாதி. மடியில் சின்னப் பிள்ளை படுத்துத் தூங்கியது. வெள்ளை முக்காட்டுக்குக் கீழே பிடரியில் புதுசாக முளைத்த மயிர், கோழிக்குஞ்சு மயிர்மாதிரி, அதைத்தான் ஆராதனை தொடங்கினதிலிருந்து ஞானப்பூ பார்க்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பியூலாவுக்கும் மார்பில்தான். அதே ஆஸ்பத்திரி, அதே சிவப்பு. வருஷப் பிறப்புக்கு முன்னால் இரண்டு ஊசி போட்டிருந்தாள். சாட்சி சொன்ன மறுவாரம் மாவுக்கடைக்கு வந்தாள், பாத்திரத்தைக் கீழே வைத்தாள், மாவு கேட்கவில்லை. "யக்கா, நானும் நிறுத்திட்டேன்" என்றாள். "என்னத்தட்டி?" "ஊசியை. உங்களுக்குச் செஞ்சவர் எனக்குச் செய்யமாட்டாரா? எங்க வீட்டுல அவிய முதல்ல சத்தம்போட்டாவ, நான்தான் சொன்னேன், ஞானப்பூ அக்காளைப் பாருங்க, நடமாடுத சாட்சி, அதுக்கு மேல உங்களுக்கு என்ன வேணும்னு. ஒரு வார்த்தை பேசல்லக்கா அவிய." சிரித்தாள். வாய்ப் புண் ஆறாத சிரிப்பு, உதட்டோரம் வெடித்திருந்தது. அப்போது சொல்லியிருக்க வேண்டும். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்திவிட்டு, ஏட்டி, கோட்டிக்காரி, போய் ஊசியைப் போடு, நான் பயந்து ஓடிவந்தவ என்று ஒரே ஒரு வார்த்தை. கிரைண்டரை நிறுத்தத்தான் செய்தாள். நிறுத்திவிட்டு என்ன செய்தாள் தெரியுமா, மாவுக் கையைக் கழுவி, பியூலாவின் தலையில் வைத்து ஜெபம்பண்ணினாள். அந்தப் பொய்யை எடுத்து ஆமென் போட்டு முடித்துக் கொடுத்தாள். போகும்போது பியூலா, "உங்க கை சூடா இருக்குக்கா, வல்லமை இறங்கினது எனக்குத் தெரிஞ்சுது" என்றாள். மாவு ஆட்டின சூடு. ஆண்டவரே, அது கிரைண்டர் சூடு. ஜனவரி போயிற்று, பிப்ரவரி போயிற்று, மார்ச் போயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை குருத்தோலை பிடித்துச் சுற்றிவரும்போது பியூலா நடுவழியில் நின்று மூச்சு வாங்கினாள். "வெயிலுக்கா" என்றாள். வெயிலாம். அந்த மூச்சு வாங்கலை ஞானப்பூ அன்றையிலிருந்து தூங்காமல் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

அந்தச் சுண்டைக்காயை முதன்முதலில் தொட்ட காலையில் அவள் யாரையும் கூப்பிடவில்லை. கடைக்குள் போய் உளுந்தைப் போட்டு கிரைண்டரை ஓடவிட்டாள், அது ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசினாலும் கேட்காது. அந்தச் சத்தத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கத்தினாள். "எங்கே போனீரு? எங்கேய்யா போனீரு நீரு? வேண்டிக் கும்பிட்ட வாயில மண்ணைப் போட்டுட்டு எங்கே போனீரு?" ஐயரைக்கூட ஒருநாளும் எதிர்த்துப் பேசாதவள், ஆண்டவரைப் போய் அந்தப் பேச்சுப் பேசினாள். தொண்டை வறண்டு, எச்சில் தெறித்து, உளுந்து பொங்கி மேலே வந்ததுகூடத் தெரியாமல். அப்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பதில் ஒன்றும் வரவில்லை. போதும் என்றோ வேண்டாம் என்றோ எந்தக் குரலும் வரவில்லை. ஆனால் ஒன்று, அவளால் இன்றைக்கும் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தெரியாத ஒன்று, அந்தச் சுவர்ப் பக்கத்தில் அவள் தனியாக இல்லை. கத்தினது யாரைப் பார்த்தோ அவர் போகவில்லை. கோபப்படவுமில்லை. பஸ் ஸ்டாண்டில் அந்த இனிப்பான குரல் வந்தபோது இப்படி யாரும் பக்கத்தில் இருந்ததில்லை, இப்போது நினைத்துப் பார்த்தால் அங்கே அவளும் பனங்கிழங்கு விற்கிறவனும்தான் இருந்தார்கள். ஒரு வருஷமாகப் பண்ணின ஜெபத்திலெல்லாம் அவள் நல்ல பிள்ளைமாதிரி பேசினாள், இந்த ஒன்றில்தான் உள்ளதைப் பேசினாள். அப்படியானால் அவருக்கு உள்ளதுதான் வேண்டுமா. அழகாக இல்லாவிட்டாலும். நாற்றமடித்தாலும். பயத்தில் பேண்டுவைக்கிறமாதிரி இருந்தாலும். இந்த நினைப்பு வந்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் நேராகக் கண்ணில் பட்டது ஆம்பளைகள் பக்கம் இரண்டாவது வரிசையில் தவசிமணி, வெள்ளைச் சட்டை, எண்ணெய் போட்டு வாரின தலை, இன்றைக்குத் தன் வீட்டுக்காரி பேசப்போகிறாள் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு. நிமிர்ந்ததெல்லாம் இறங்கிப்போனது. ஐயரம்மா எழுதினதையே வாசித்துவிட்டு வந்துவிடலாம். கால்மணி நேரம். கண்ணீர் வரும், மைனி கர்ச்சீப்பை எடுப்பாள், எல்லாரும் கஞ்சி குடிப்பார்கள். பியூலாவும் குடிப்பாள். அப்புறம் ஒருநாள் பியூலாவால் கஞ்சியும் குடிக்க முடியாமல் போகும், அன்றைக்கும் யாராவது ஞானப்பூவைத்தான் ஜெபம்பண்ணக் கூப்பிடுவார்கள்.

"ஆமென்" என்றார் வாத்தியார். பாட்டு எழும்பியது, எல்லாரும் எழுந்து நின்றார்கள், அவளும் நின்றாள். எத்தனை சரணம், நாலு சரணம், முதல் சரணம் போய்விட்டது. பின்பக்கம் போய்வருகிறேன் என்று மைனியிடம் சொல்லிவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் என்ன. மறுபடியுமா, மறுபடியும் பஸ் ஏறப்போகிறாயா. இரண்டாவது சரணம். சொன்னால் என்ன சொல்வார்கள். பாவத்தை மறைத்தாள் அதனால் திரும்ப வந்தது என்பார்கள். சபையை ஏமாற்றினாள் என்பார்கள், ஏமாற்றத்தானே செய்தாய். மூன்றாவது சரணம். ஆண்டவர் அங்கே தொங்கினபோது கீழே யாரெல்லாம் நின்றார்கள். பெற்ற தாய் நின்றாள், நம்பி வந்தவன் நின்றான், சிரிக்க வந்தவன் நின்றான். எத்தனையோ பேரைக் குணமாக்கினவர், அத்தனை பேர் பார்க்க, என்னை விட்டுட்டீரே என்று கத்தினார். மெல்ல முனகினாலும் தகப்பனுக்குக் கேட்டிருக்குமே. கிரைண்டரைப் போட்டுவிட்டுக் கத்தவில்லையே அவர். நாலாவது சரணம் முடிந்ததை அவள் கவனிக்கவில்லை, மைனி இடுப்பில் குத்தி, "போட்டி, கூப்பிடுதாவ" என்றாள்.

நடந்தாள். படி இரண்டு. மைக்கை ஐயர் தணித்துவைத்துக் கொடுத்தார். தாளை விரித்தாள், எழுத்தெல்லாம் எறும்பாக ஓடியது, பயத்தில் ஓடியதா கண்ணீரில் ஓடியதா தெரியவில்லை, மடித்துக் கீழே வைத்தாள்.

"எல்லாருக்கும் தோத்திரம்" என்றாள். குரல் யாருடையதோ போல வந்தது. "வருசப் பொறப்புக்கு நான் இங்க நின்னு ஒரு சாட்சி சொன்னேன். அதுல ஒண்ணை விட்டுட்டேன். டாக்டர் எட்டு ஊசி சொன்னாவ. நாலு போட்டதுல கட்டி கரைஞ்சுது. கரைஞ்சது மருந்துல. ஆண்டவர் அந்த மருந்தைக் கொண்டுதான் செஞ்சார், நான் அதை மறைச்சேன். அஞ்சாவது ஊசிக்குப் போனேன், பஸ் ஸ்டாண்டுலேர்ந்து திரும்பி வந்துட்டேன். கர்த்தர் போதும்னு சொன்னார்னு உங்ககிட்ட சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல்ல. நான் பயந்து ஓடி வந்தேன். விசுவாசம்னு நீங்க எல்லாரும் சொன்னியள்லா, அது விசுவாசம் இல்ல. பயம். இப்பம் திரும்ப வந்திருக்கு. கக்கத்துல. பதினஞ்சு நாளாச்சு."

ஒரு விசிறிமட்டை கீழே விழுந்தது. அவள் ஆம்பளைகள் பக்கம் பார்க்கவில்லை, பார்த்தால் பேச்சு நின்றுபோகும்.

"இந்த நாலாவது வார்த்தையைப் பத்தி எனக்கு ரொம்பத் தெரியாது. ஆண்டவர் தைரியமாச் சாகல்ல, அதுதான் தெரியும். பயத்தை ஒளிச்சு வைக்கல்ல. எல்லார் முன்னாலயும் சத்தம்போட்டுக் கேட்டார். கேட்டதுக்குப் பதிலும் வரல்ல. ஆனாலும் அவர் கேட்டது தகப்பன்கிட்டத்தான். அந்தமட்டுக்கு எனக்குப் போதும்னு... இல்ல, போதாது. எனக்கு இன்னமும் பயமாத்தான் இருக்கு."

சொல்ல இருந்தது அவ்வளவுதான். கால்மணி நேரத்தில் இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அப்போது பியூலா எழுந்தாள். அந்தக் கோயிலில் பெஞ்சிலிருந்து ஒரு பொம்பளை எழுந்து நின்று பேசினது அதற்கு முன்னால் நடந்ததில்லை. தோளில் பிள்ளை தலை தொங்கிக் கிடந்தது.

"அப்பம் எனக்கு ஏன்க்கா ஜெபம் பண்ணுனியோ?"

ஞானப்பூ மைக்கைப் பிடித்துக்கொண்டாள். "உன்கிட்ட உள்ளதைச் சொல்லப் பயந்து" என்றாள்.

"மூணு மாசம்" என்றாள் பியூலா. "மூணு மாசம் போச்சேக்கா." கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. எல்லாரும் பார்க்க நின்றாள், அப்புறம் உட்கார்ந்தாள். ஐயர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். எந்தப் பாட்டு என்று யாரும் சொல்லவில்லை. சொர்ணம் மைனிதான், சுருதியும் இல்லாமல் தாளமும் இல்லாமல், தனக்குத் தெரிந்த ஒரு பாட்டை அழுகிற குரலில் எடுத்தாள், கொஞ்சம் கொஞ்சமாகச் சபை அதில் ஏறிக்கொண்டது.

ஞானப்பூ இறங்கினாள். தன் இடத்துக்குப் போகிற வழியில் கால் நின்றது. சன்னல் ஓரப் பெஞ்சில் பியூலாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரப் போதாத இடம் இருந்தது. பியூலா நகர்ந்து கொடுக்கவில்லை, நிமிர்ந்து பார்க்கவுமில்லை. ஞானப்பூ பாதி உடம்பு பெஞ்சிலும் பாதி வெளியிலுமாக உட்கார்ந்தாள். எழுந்து போ என்று சொல்வாள், சொன்னால் போய்விட வேண்டியதுதான், சொல்லட்டும். பியூலா மூச்சுத்தான் வாங்கினாள், பக்கத்தில் இருந்து கேட்கும்போது அது வெயில் மூச்சு இல்லை என்று நன்றாகத் தெரிந்தது.

பாட்டு இரண்டாவது சரணத்துக்கு வந்தபோது, முகத்தைத் திருப்பாமலே, பாடுகிறவள்மாதிரி வாயை வைத்துக்கொண்டு பியூலா கேட்டாள். "இவ்வளவு நாள் விட்டுட்டுப் போனா அந்த டாக்டர் சத்தம்போடுவாராக்கா?"

"போடுவாரு" என்றாள் ஞானப்பூ. "நல்லாப் போடுவாரு."

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான். திங்கட்கிழமை ஏழரை பஸ்ஸுக்கு வந்துரு. ரெண்டு பேரையும் ஒண்ணா நிறுத்திவச்சு சத்தம்போடட்டும்."

பியூலா தோளில் கிடந்த பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு, பெஞ்சில் ஒரு சாண் நகர்ந்தாள்.